தெக்கோவா ஊர்க் கிடைக்காரருக்கு

ஆமோஸ் அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு மடல் எழுத வேண்டுமென்று நெடுநாள் நினைப்பு. எங்கள் பக்கம் சாலையோரப் பாறையிலும் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலும் சுண்ணாம்பால் எழுதிப் போடும் வேத வசனங்களில் ஒன்று உங்களுடையது. கடவுளைச் சந்திக்கத் தயாராகச் சொல்லும் அந்த வசனத்தை பஸ்ஸில் போகிறவர்கள் படித்துவிட்டு, சாவைப் பற்றி ஒரு நொடி நினைத்து, அடுத்த நிறுத்தத்தில் மறந்துபோவார்கள். உங்கள் ஒன்பது அதிகாரங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது எந்தப் பட்டியலின் கடைசி வரி என்று தெரிந்தால் மழையைப் பற்றி நினைப்பார்கள். பசி, பொய்த்த மழை, கருகல், பூச்சி, கொள்ளைநோய், கவிழ்ந்த ஊர் என்று வரிசையாகச் சொல்லி, இவ்வளவு நடந்தும் நீங்கள் திரும்பவில்லையே என்று ஐந்து முறை கேட்டுவிட்டுத்தான் அந்த வரிக்கு வருகிறீர்கள். பரளச்சிப் பக்கத்துப் பஞ்ச வருஷங்களைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது போல் இருக்கும் அந்தப் பட்டியலுக்கும், அதைச் சுற்றி நீங்கள் சொன்ன மற்றதற்கும் நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஆமோஸ் அண்ணாச்சி, முதல் கடன் மழைக்கடன். அறுப்புக்கு மூன்று மாதம் இருக்கையில் மழை நின்றது என்று சொன்னீர்கள். மானாவாரிக்காரர் தவிர வேறு எவருக்கும் இந்தக் கணக்கு வராது. எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் இறங்க வேண்டும். புரட்டாசியில் விதைத்த கம்பும் உளுந்தும் மல்லியும் பருத்தியும் அப்போதுதான் இளசாக நிற்கும். தை, மாசியில் அறுப்பு. நடுவே அந்த ஒரு தண்ணி தவறினால் பயிர் உடனே சாகாது. பச்சையாகவே நின்று, கதிரும் விட்டு, உள்ளே மணி பிடிக்காமல் பதராகும். வைகாசியில் மழை இல்லாததற்கு இங்கே யாரும் கவலைப்படுவதில்லை. கார்த்திகையில் இல்லாவிட்டால் வீட்டுக்குள் பேச்சே குறைந்துபோகும். ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரை விட்டுவிட்டுப் போன மழையையும், ஒரு புஞ்சை நனைய பக்கத்துப் புஞ்சை காய்ந்ததையும் நீங்கள் சொன்னீர்கள். வண்டிப்பாதைக்கு இந்தப் புறம் ஈரமும் அந்தப் புறம் புழுதியுமாக எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறோம். இரண்டு மூன்று ஊர்ச் சனம் தண்ணீருக்காக ஓர் ஊருக்குத் தள்ளாடிப் போனதையும், போயும் தாகம் தீராததையும் சொன்னீர்கள். எங்கள் கிணறுகள் பாதி உப்பு. நாலு சக்கரத் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கி நல்லதண்ணி தேடிப் போகும் பெண்கள் உங்கள் பக்கத்தில் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சி, நீங்கள் இன்னார் என்பதே எங்களுக்கு ஒரு கொடை. எரேமியா குருமார் வீட்டுப் பிள்ளை. எசேக்கியேலும் அப்படித்தான். நீங்கள் எருசலேமுக்குத் தெற்கே, சாக்கடலைப் பார்த்துச் சரியும் வறட்டு மேட்டில் இருக்கும் தெக்கோவாக்காரர். உசியா யூதாவையும் இரண்டாம் யெரொபெயாம் இஸ்ரவேலையும் ஆண்ட கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆடு வைத்துப் பிழைத்தீர்கள், காட்டத்தி மரமும் பார்த்தீர்கள். தெக்கோவா உயரத்தில் காட்டத்தி வளராது, அது பள்ளத்து மரம். அப்படியென்றால் பருவம் பார்த்துக் கீழ்நாட்டுக்கு இறங்கி வேலை செய்திருக்கிறீர்கள். எங்கள் ஆட்கள் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடவும், செங்கல் சூளைக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போவதைப் போலத்தான். அந்த வேலையும் லேசானது இல்லை. மரத்தில் ஏறி ஒவ்வொரு காயையும் கத்தியால் ஒரு கீறு கீறிவிட வேண்டும். கீறின காய் சில நாளில் பழுக்கும், கீறாதது பழுக்காமல் கிடக்கும். அந்தக் கையோடுதான் ராஜாவின் கோயில் இருந்த பெத்தேலுக்குப் போனீர்கள்.

ஆமோஸ் அண்ணாச்சி, உங்களை எனக்குச் சொந்தக்காரர் ஆக்கியது என் தாத்தா. எழுத்து வாசனை இல்லாத கிடைக்காரர். ராமநாதபுரம் வெள்ளையும் வேம்பூர்ப் பொட்டாடும் கலந்த கிடை. அறுத்த புஞ்சையில் ராத்திரி ஆட்டை மடக்கி, புழுக்கையும் மூத்திரமும் நிலத்தில் சேர்ந்ததும் மறுநாள் பட்டியை நகர்த்தி அடுத்த துண்டில் போடுவார். பலபேர் ஆடு ஒரே கிடையில் நிற்பதால் காதில் அடையாளம் வெட்டியிருக்கும். ஒருவருக்கு நுனி அறுப்பு, ஒருவருக்கு ஓரத்தில் வெட்டு, இன்னொருவருக்குத் துளை. நரி ஓர் ஆட்டை இழுத்துப் போய்விட்டால் தாத்தா டார்ச்சை எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் இறங்குவார். ஆடு பிழைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் இல்லை, காது கிடைக்க வேண்டும். கிடைத்தால்தான் ஆட்டுக்காரர் வீட்டு வாசலில் நின்று, நரிதான் தின்றது, நான் விற்றுத் தின்னவில்லை என்று சொல்ல முடியும். சிங்கத்தின் வாயிலிருந்து மேய்ப்பன் ஒன்றிரண்டு காலையோ காதின் ஒரு துண்டையோ பிடுங்கி எடுப்பதைப் போலத்தான் இஸ்ரவேலின் தலைநகர் சமாரியாவில் இருப்போர் தப்புவார்கள் என்றீர்களே, அதை ஞாயிறு பள்ளியில் ஆறுதலாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்சம் பேரையாவது கடவுள் காப்பாற்றுவார் என்று. வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. “காது மட்டும் கெடச்சா ஆடு போச்சுன்னு அர்த்தம்ப்பா. அது கணக்கு ஒப்படைக்கிறதுக்கு” என்றார். பிற்பாடு விளக்கவுரைகளைப் புரட்டினால் அங்கேயும் அதேதான். செத்த ஆட்டின் மிச்சத்தைக் கொண்டுவந்து காட்டினால் மேய்ப்பன் ஈடுகட்ட வேண்டாம் என்று மோசேயின் சட்டத்தில் இருக்கிறதாம். ஒரு தீர்ப்பை இப்படிக் கிடைக்காரர் பாஷையில் சொல்ல முடியும் என்று காட்டினீர்கள். தாத்தாவுக்கும் வேதத்தில் ஓர் இடம் கிடைத்தது.

ஆமோஸ் அண்ணாச்சி, இனிச் சொல்வதுதான் பெரிய கடன். எங்கள் சீமையில் மழை தவறினால் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். வைக்கோலும் கந்தலும் திணித்த பொம்மை, காலில் கயிறு. தெருத்தெருவாக இழுத்துப் போய், மாரில் அடித்து ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். எவனோ ஒரு மகாபாவி செய்ததால் வானம் அடைத்துக்கொண்டது, அவன் ஒழிந்தால் திறக்கும் என்பது எண்ணம். பொம்மைக்குப் பெயர் கிடையாது. அதில் ஒரு நாகரிகம் உண்டுதான், ஆனால் பெயர் இல்லாத பழி எங்காவது போய் இறங்கியாக வேண்டுமே. இறங்குகிற இடம் எப்போதும் மெலிந்த தலைதான். அறுத்துக் கட்டியவள், சாதி மாறிப் பெண்ணெடுத்தவன், நேர்ந்துகொண்ட கிடாயை வெட்ட வழியில்லாதவன். எங்கள் ஜெபக்கூட்டத்திலும் இதே பொம்மைதான், வைக்கோல் மட்டும் கிடையாது. மழைக்காக உபவாச ஜெபம் என்று பந்தல் போட்டால் அதன் கீழே வந்து உட்காருபவர்கள் யார்? களையெடுத்துவிட்டு முகம் கழுவி வந்த பெண்கள், காடு கரையில் தேய்ந்த கிழவிகள். பிரசங்கியார் அவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்வார். சினிமா, சீரியல், பூ, நகை என்று பாவங்களை அடுக்குவார். அவர்களோடு உட்கார்ந்த என் அப்பத்தா தேம்பித் தேம்பி அழுவாள். மூக்குத்திகூட அடகில் இருந்தது அவளுக்கு.

அண்ணாச்சி, மழையைத் தடுத்தது கடவுள்தான் என்று நீங்களும் சொன்னீர்கள், அதை மறைத்து எழுத மாட்டேன். அந்த இடத்தில் உங்களோடு மல்லுக்கட்டிய நாட்கள் உண்டு. பருவக்காற்றும் கடலின் சூடும் எப்படி மழையைத் தருகின்றன, எப்படி ஏமாற்றுகின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. பிறகுதான் யாரைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று கவனித்தேன். மாரிக்கு ஒரு வீடு, கோடைக்கு ஒரு வீடு என்று வைத்திருந்தவர்கள். தந்தம் பதித்த கட்டிலில் சாய்ந்து, மந்தையில் இளங்குட்டியாகப் பொறுக்கித் தின்று, கிண்ணத்தில் போதாமல் குடத்தோடு திராட்சரசம் குடித்தவர்கள். ஊர்வாசலில் நியாயம் பேசுகிறவனைப் பகைத்து, லஞ்சம் வாங்கி, ஏழையின் வழக்கைத் தள்ளிவிட்டவர்கள். திரும்புங்கள் என்று ஐந்து முறை சொன்னது இவர்களுக்கு. தண்ணீருக்குத் தள்ளாடி நடந்தவர்களை நீங்கள் சாட்சிகளாகத்தான் நிறுத்தினீர்கள். அப்பத்தாவைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து கைபிடித்து இறக்கிவிட்டவர் நீங்கள். மனந்திரும்புதல் என்ற வார்த்தையை மேலே இருப்பவர்கள் கீழே வீசுவதையே பார்த்து வளர்ந்த எனக்கு, அது கீழேயிருந்து மேலே போக வேண்டிய வார்த்தை என்று தெரிந்த அன்று வேதத்தின் மேலிருந்த பயம் போயிற்று.

ஆமோஸ் அண்ணாச்சி, நீங்கள் கூட்டிச் சொல்லவில்லை என்பதற்கு மண்ணே சாட்சி. 1910-ல் சமாரியாவைத் தோண்டிய ஹார்வர்டு குழுவுக்கு மையால் எழுதிய ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன. பழைய ரசமும் சுத்த எண்ணெயும் எந்தெந்த ஊரிலிருந்து யார் பேரில் வந்து சேர்ந்தன என்ற வரவுக் கணக்கு. 1930-களில் கிரவுஃபுட் குழு அதே மேட்டில் தந்தச் செதுக்குகளை எடுத்தது, மரச்சாமான்களில் பதித்தவை. உங்கள் புத்தகத்தின் முதல் வரியில் வரும் பூமியதிர்ச்சியின் தடத்தை ஆத்சோர் மேட்டின் சாய்ந்த சுவர்களில் பார்த்ததாக, அதைத் தோண்டிய யிகாயேல் யாதீன் சொன்னார். எங்களுக்கு வந்த தந்தக் கட்டில் வேறு மாதிரி. 1876-ல் மழை பொய்த்துத் தாது வருஷப் பஞ்சம் மூண்டது. 1877 ஜனவரி 1 அன்று தில்லியில் வைஸ்ராய் லிட்டன் தர்பார் கூட்டி விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்தார், விருந்து பல நாள் நடந்தது. அதே மாதம் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. தானியக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போவது நிற்கவில்லை. சாவு லட்சக்கணக்கில். யோசேப்பின் வீடு இடிவதைக் கண்டு நோகாமல் விருந்து தின்கிறவர்களைப் பற்றிச் சொன்னீர்களே, அந்தப் பத்தியைப் படிக்கும்போது என் கண்ணில் சமாரியா வருவதில்லை. தில்லிதான் வருகிறது.

அண்ணாச்சி, எங்கள் பாஷைக்கு நீங்கள் வந்த வழியும் நீளமானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் வந்து 1719-ல் கண் மூடினார். மிச்சத்தை முடித்து 1720-களில் அச்சேற்றியவர் பெஞ்சமின் ஷூல்ட்ஸ், நீங்கள் அந்த மிச்சத்தில் இருந்தீர்கள். 1834-ல் மதுரையில் காலூன்றிய அமெரிக்க மிஷன் திருச்சுழி வட்டாரத்து மண்டபசாலையிலும் ஒரு நிலையம் வைத்தது. இந்தக் கரிசலுக்குள் உங்கள் பேர் நுழைந்தது அந்த வழியாகத்தான் என்று நினைக்கிறேன். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை ஆனது, போர்டு மாறியது. ஆனால் நீங்கள் எப்போதும் பின்வரிசைதான். வருஷப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம் அல்லவா, ஒருவருக்காவது உங்கள் ஐந்தாம் அதிகாரம் வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், பாட்டுச் சத்தத்தை நிறுத்துங்கள் என்று கடவுள் சொல்வதாக ஒரு சீட்டு வந்தால் அதை யார் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்!

ஆமோஸ் அண்ணாச்சி, படி விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறக்கலாம், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கலாம், கோதுமையின் பதரையும் சேர்த்து விற்கலாம் என்று கோயிலில் உட்கார்ந்துகொண்டே கணக்குப் போடும் வியாபாரியைக் காட்டினீர்கள். இதைப் படித்துக் காட்டினபோது எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கொடுக்கும் படி ஒன்று, வாங்கும் படி ஒன்று என்பது இங்கே பழைய கதை. விதைக்காலத்தில் கடனாக வாங்கிய தானியத்தைத் தலை வழித்து அளந்தவர்கள், களத்தில் திருப்பி வாங்கும்போது கூம்பு வைத்து அளப்பார்கள். வத்தல் கொண்டுபோனால் சாம்பிள் என்று இரண்டு கை அள்ளிப் போடுவார்கள், அது திரும்பி வராது. சாக்குக்கு ஒரு கழிவு, தூசிக்கு ஒரு கழிவு, ஈரம் என்று இன்னொரு கழிவு. தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டிய காலத்தை அப்பா சொல்வார். உங்கள் காலத்தில் ஒரு ஜோடிச் செருப்பின் விலைக்கு ஏழை விலைபோனான். எங்கள் பக்கம் அதற்கு முன்பணம் என்று பெயர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, சூளைக்குப் போகிற குடும்பம் இன்றும் கையெழுத்துக்கு முன்னால் கைநீட்டி வாங்கிவிடுகிறது. 1933-ல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் போட்டது. அதிலிருந்து வந்தவைதாம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள். முத்திரையிட்ட தராசு, எல்லோர் கண்முன்னும் எடை, இஷ்டத்துக்குக் கழிவு பிடிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் எழுதினார்களோ தெரியாது, ஆனால் மனந்திரும்புதல் நிலத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இரட்டும் சாம்பலும் காட்டமாட்டேன். வத்தல் மூடை ஏறி நிற்கும் ஒரு நேரான தராசைத்தான் காட்டுவேன். அது நீங்கள் கற்றுக்கொடுத்தது.

அண்ணாச்சி, ஆற்றுக்காகவும் ஒரு நன்றி. நியாயம் தண்ணீராகப் புரள வேண்டும், நீதி வற்றாத ஆறாக ஓட வேண்டும் என்ற கருத்தில் நீங்கள் சொன்னது உலகம் முழுக்கப் போயிருக்கிறது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் அதைச் சொன்னார். 1989-ல் மான்ட்கோமரியில் மாயா லின் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் அந்த வார்த்தைகள் பொறித்த கருங்கல் மேல் நிஜத் தண்ணீரே வழிகிறதாம். நல்ல காரியம். ஆனால் காவிரிக்கரையில் இருப்பவருக்கு அது அழகான பேச்சு. எங்கள் குண்டாறு திருச்சுழியைத் தொட்டுக் கமுதிப் பக்கம் போகிற ஆறு. ஆண்டில் பெரும்பகுதி அது மணல்தான், வந்தால் சில நாள் செம்மண் கலங்கலாக வரும், போய்விடும். உங்கள் ஊர் ஓடைகளும் அப்படித்தான். வற்றுகிற ஆற்றை மட்டும் பார்த்து வளர்ந்தவர் வற்றாததைக் கேட்டிருக்கிறீர்கள். மழை பெய்தால் நியாயம், பெய்யாவிட்டால் இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லாமல் கேட்டிருக்கிறீர்கள். கண்மாயில் தண்ணீர் குறைந்த ஆண்டில் மடைக்கு அருகில் இருப்பவர் இரண்டு முறை பாய்ச்சிக்கொள்ள, கடைமடைக்காரர் ராத்திரி முழுக்க மண்வெட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உவமையாகவே படாது.

ஆமோஸ் அண்ணாச்சி, நீங்கள் எச்சரித்ததோடு நிற்கவில்லை என்பதற்காக உங்களைக் கும்பிடுகிறேன். ராஜாவின் முதல் அறுப்பு முடிந்து, குடிகளுக்கு மிஞ்சிய இரண்டாம் முளைப்பு கிளம்பும் நேரத்தில் வெட்டுக்கிளி உருவாவதைத் தரிசனத்தில் பார்த்தீர்கள். பெரியவர் பங்கு களஞ்சியத்தில் ஏறிவிட்டது, பூச்சி தின்னப்போவது இல்லாதவன் பங்கை. 2018-ல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்து, அந்தப் பருவமே எங்கள் மக்காச்சோளத்தில் இறங்கியது. இலையை விலக்கிக் குருத்துக்குள் பார்த்தால் ஈரமான எச்சம் அடைத்துக் கிடக்கும். தோண்டி எடுத்தால் தலையில் கவிழ்த்துப் போட்ட கவட்டை மாதிரி வெள்ளைக் கோடு, வால் பக்கம் நாலு கறுப்புப் புள்ளி. மருந்துக்கடைப் பாக்கி ஏறியது, புழு நிற்கவில்லை. அந்த ஆண்டு எச்சரிக்கைக்குக் குறைவில்லை, துண்டறிக்கையாகவும் ஒலிபெருக்கியாகவும் வந்தது. கடைசிக் காலத்தின் அடையாளம் என்று சொன்னவர்களும் உண்டு. எங்களுக்காக மேலே திரும்பி, வேண்டாம், இவன் சின்னவன், தாங்கமாட்டான் என்று கெஞ்சியவரைத்தான் காணவில்லை. நீங்கள் வெட்டுக்கிளிக்கு ஒரு முறை, தீக்கு ஒரு முறை அப்படிக் கெஞ்சினீர்கள். இரண்டு முறையும் கடவுள் மனம் மாறினார் என்று எழுதியிருக்கிறது. திரும்பச் சொல்லிச் சனத்திடமும், இரங்கச் சொல்லிக் கடவுளிடமும் மன்றாடுகிற ஆள் ஒருவரே என்பது என்னை இன்னும் ஆச்சரியப்படுத்துகிறது.

அண்ணாச்சி, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்ல முடியவில்லை, கோபிக்காதீர்கள். சமாரியாவின் சீமாட்டிகளைப் பாசான் மாடுகள் என்று கூப்பிட்டது ஒன்று. இன்னொன்று, பெத்தேல் குரு அமத்சியாவோடு உங்களுக்கு நடந்த வாய்த்தகராறு. ஊருக்குப் போய் அங்கே தீர்க்கதரிசனம் சொல்லிப் பிழைத்துக்கொள், இது ராஜாவின் கோயில் என்றார். நான் குறிசொல்லும் வம்சம் கிடையாது, ஆட்டுக்குப் பின்னால் போனவனைக் கடவுள் பிடித்து அனுப்பினார் என்று நீங்கள் சொன்ன பதில் அருமை. காணிக்கைக் கவருக்குத் தக்கபடி சத்தம் ஏறி இறங்கும் கூட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பதிலை நினைத்துக்கொள்வேன். அதோடு விட்டிருக்கலாம். அவர் பெண்டாட்டி தெருவில் நிற்பாள், பிள்ளைகள் வெட்டுப்பட்டுச் சாவார்கள் என்று தொடர்ந்தீர்கள். அந்தப் பெண் என்ன செய்தாள்? அப்பத்தாவைக் கூண்டிலிருந்து இறக்கியவரே அமத்சியாவின் வீட்டுக்காரியை ஏற்றிவிட்டீர்கள். அந்த வசனத்தை நான் சத்தமாக வாசிப்பதில்லை.

ஆமோஸ் அண்ணாச்சி, எங்கள் குலப் பெருமையைத் தட்டிவிட்டதற்கும் நன்றி, பலபேர் சார்பில் சொல்ல முடியாது, என் சார்பில் சொல்கிறேன். நாங்கள்தானே எகிப்திலிருந்து மீட்கப்பட்டவர்கள் என்று மார்தட்டிய இஸ்ரவேலரிடம், எத்தியோப்பியரும் நீங்களும் எனக்கு ஒன்றுதான், பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடத்திலிருந்து கூட்டிவந்ததும் நான்தான் என்று கடவுள் கேட்பதாகச் சொன்னீர்கள். 1957-ல் முதுகுளத்தூர்க் கலவரத்தில் வெந்த சீமையின் ஓரத்தில் இருக்கிறோம் நாங்கள். சாவடி தனி, கிணறு தனி, திருவிழாவில் நடக்கும் தெரு தனி. ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கும் கல்லறையில் நடுச்சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த எத்தியோப்பியர் வசனத்தை வைத்து ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. சொன்னால் முன்வரிசை எழுந்து போகும் என்று உபதேசியாருக்குத் தெரியும்.

ஆமோஸ் அண்ணாச்சி, உங்கள் புத்தகத்தின் கடைசித் துண்டு நீங்கள் எழுதியதா, பின்னால் வந்தவர் யாராவது சேர்த்ததா என்று பண்டிதர்களுக்குள் வழக்கு நடக்கிறது. யாராக இருந்தாலும் மானாவாரி தெரிந்தவர், அது போதும். அறுக்கிறவனை உழுகிறவன் பின்னாலேயே வந்து பிடித்துவிடும் காலம் ஒன்று வரும் என்று அதில் இருக்கிறது. டவுனில் வாசித்தால் அது விளைச்சல் பெருக்கம். கரிசலில் வாசித்தால் ஈரம். எங்களுக்கு மாசியில் அறுப்பு முடிந்த கையோடு தரை இறுகும், பங்குனியில் கால் நுழையும் அளவு வெடிப்பு விடும். கோடை மழை ஒன்று கைகொடுத்தால் ஓர் உழவு ஓட்டலாம், இல்லையென்றால் ஆவணி வரைக்கும் கலப்பை சுவரில்தான் சாய்ந்திருக்கும். அந்த மாதங்களில்தான் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். அறுப்பும் உழவும் ஒட்டிக்கொண்டு வருகிற வருஷம் என்றால் யாரும் சூளைக்கு முன்பணம் வாங்காத வருஷம். இதை இப்படி விளங்கிக்கொள்ள எனக்கு எந்த விளக்கவுரையும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணாச்சி, மாசி கழித்து ஒருமுறை இந்தப் பக்கம் வாருங்கள். எங்கள் புஞ்சை அறுத்து முடித்துக் காலியாகக் கிடக்கும், நாலைந்து ராத்திரி கிடை போடலாம். ஊருணியில் ஆட்டுக்குத் தண்ணீர் இருக்கிறது, பங்குனி பாதிக்குமேல் சொல்ல முடியாது. தெருநாய்த் தொல்லை அதிகம், இரண்டு ஆளாகக் காவல் இருப்போம். கூலியைக் கம்பாகவே அளக்கிறேன். படியை மட்டும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.

தங்கள்
பரளச்சிப் பக்கத்துக் கிடைக்காரர் ஒருவரின் பேரன்